யார் வீட்டு வெயில்?

பெரிய மார்க்கெட்டில் சித்திரை மத்தியானம் ஒரு சுற்று வந்தால், குளிர்ச்சி எந்த வரிசையில் பங்கிடப்படுகிறது என்பது தெரிந்துவிடும். முதல் பங்கு மீனுக்கு. தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ், அதன்மேல் மீன், அதன்மேல் மறுபடி ஐஸ். அடுத்தது பூ. ஈரத்துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். வெற்றிலைக்கும் கீரைக்கும் நனைத்த கோணிச் சாக்கு. காய்கறிக்குத் தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய். இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நிழலில் விற்கிறவர் உட்கார்ந்திருப்பார், அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டு.

இதைப் பார்த்துவிட்டு "பொருளுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது சுலபம். நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதியைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கிற அந்த மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். பத்தடிக்குப் பதினெட்டடி. மூன்று பக்கம் செங்கல் சுவர், முன்னால் இரும்பு கேட், மேலே தகர ஷீட். அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு பிரீமியர் பத்மினி வாங்கியபோது கட்டியது. கார் எப்போதோ போய்விட்டது. இப்போது அங்கே இருப்பவை: என் பைக், மனைவியின் ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, சனி ஞாயிறுகளில் நான் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மரப் பெஞ்சு, அப்புறம் பாகூர்ப் பக்கத்திலிருந்து விடிகாலையில் கீரை கொண்டுவரும் அக்காவின் கூடைகள். அம்மா காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு அது. காலை வியாபாரம் முடிந்ததும் விற்காத கட்டுகளை ஷெட்டில் கொண்டுவந்து வைப்பார். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சாக்கை விரித்துப் படுப்பார். சாயங்காலம் மறுபடி மார்க்கெட். வாடகை என்று எதுவும் கிடையாது. வாரத்தில் ரெண்டு நாள் எங்கள் வீட்டுக் கீரை அவருடையது.

போன கோடையில் அந்த ஷெட்டை எப்படியாவது குளிர வைப்பது என்று முடிவானது. பட்ஜெட் பத்தாயிரம் ரூபாய். மென்பொருள் வேலை பார்க்கிறவன் எதையும் 'ரிக்வயர்மென்ட்' என்றுதான் ஆரம்பிப்பான். யாருக்காகக் குளிர வைக்கிறோம்? பேட்டரிக்கா? வெப்பம் ஏறினால் பேட்டரியின் ஆயுள் குறையும், அது நிஜம். பெஞ்சில் உட்காரப்போகும் எனக்கா? கீரைக்கா? படுக்கிற அக்காவுக்கா? எல்லோருக்கும் என்று எழுதிவிடலாம். ஆனால் எல்லோருக்குமான ஷெட் ஒன்று கிடையாது என்பது கணக்கைத் தொட்டதும் புரியும்.

முதலில் ஏசி. பத்தாயிரத்தில் முடியாது, அதுவும் தகரக் கூரைக்குக் கீழே அது விடிய விடிய ஓடினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. ஆனாலும் ஏசியை வைத்துத்தான் யோசிப்பேன், ஏனென்றால் குளிர்ச்சி என்றால் என்ன என்பதை ஏசி மாதிரி எதுவும் பச்சையாகச் சொல்லாது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது உள்ளிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது என்றால், அதை எடுக்கச் செலவான ஒன்றரை கிலோவாட் மின்சாரத்தையும் வெப்பமாக்கிச் சேர்த்து, ஏறத்தாழ ஏழு கிலோவாட்டாக வீதியில் தள்ளும். உள்ளே லாபம் ஐந்து, வெளியே நஷ்டம் ஏழு. எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ளாத கணக்கு. ஆனால் லாபமும் நஷ்டமும் வேறு வேறு ஆளுக்குப் போவதால் நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம்.

அந்த 'டன்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. ஐஸ் கட்டி விற்ற காலத்தின் அளவு இன்றைக்கும் நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டூடர் அங்கே குளத்தில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1842-இல் மெட்ராஸ் கடற்கரையில் அதைச் சேமிக்க ஒரு கட்டிடம் கட்டினார். ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்கிறோமே, விவேகானந்தர் இல்லம், அதுதான். மாசசூசெட்ஸ் குளிர்காலத்தைத் துண்டு போட்டு மெட்ராஸ் துரைமார்களின் கிளாஸில் போடுவது பணக்காரக் கிறுக்குத்தனம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு விஷயத்தில் அது நம்முடைய ஏசியைவிட நேர்மையானது. அந்த ஐஸ் உருகியபோது துரையின் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேர்க்கவில்லை.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பீனிக்ஸ் நகரத்தை வைத்து 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏசிகள் வெளியே தள்ளும் வெப்பத்தாலேயே நகரத்தின் சில பகுதிகளில் ராத்திரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் ஏறுகிறது என்று அதில் வந்தது. ஒரு டிகிரி ஏறினால் ஏசி இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். உழைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரி லூப் பழக்கம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்வதைவிட நடந்து தெரிந்துகொண்டேன் என்பதுதான் சரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், பழைய வீடுகள் மிச்சமிருக்கும் வீதிகளில் வீட்டுக்கு முன்னால் திண்ணை இருக்கும். அதற்கும் முன்னால் வீதியைப் பார்த்தபடி மரத்தூண் வைத்த சாய்ப்பு, ஓடு போட்டது. வைசியாள் வீதியில் அப்படிப்பட்ட வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. அந்தச் சாய்ப்பின் நிழல் முக்கால்வாசி விழுவது வீட்டுக்காரர் மேல் இல்லை. வழிப்போக்கன் மேல், தபால்காரர் மேல், பாத்திரம் விற்கிறவர் மேல். இப்போதைய வீடுகளில் அதே உயரத்தில், அதே இடத்தில், ஏசியின் வெளிப்பெட்டி இருக்கிறது. வீட்டின் முகம் வீதிக்கு என்ன தருகிறது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு தலைமுறை சொன்ன இரண்டு பதில்கள் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். திண்ணையைப் பற்றிப் பேசினாலே ஏக்கம் தொற்றிக்கொள்ளும், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதில் அந்தக் காலம் ரொம்பக் கறாராக இருந்தது. நிழல் விழுந்தது எல்லோர் மேலும். உட்காரும் உரிமை எல்லோருக்கும் இல்லை. நான் திரும்ப வேண்டும் என்று கேட்பது நிழலை மட்டும்.

பக்கத்து வீட்டு வெப்பத்தைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் லண்டன் வழக்கு ஒன்று வருகிறது. ஒரு மிட்டாய்க்காரர், பல வருஷமாகத் தன் சமையலறையில் உரல் வைத்து இடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு டாக்டர் தோட்டத்துக் கோடியில் புதிதாக ஒரு ஆலோசனை அறை கட்டுகிறார். சரியாக அந்த உரலுக்குப் பக்கத்துச் சுவரில். சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க முடியவில்லை என்று வழக்கு. 1879-இல் தீர்ப்பு டாக்டர் பக்கம் வந்தது. கோஸ் கேட்பது: மிட்டாய்க்காரர் டாக்டருக்குத் தீங்கு செய்தாரா, டாக்டர் மிட்டாய்க்காரருக்குத் தீங்கு செய்தாரா? ஒருவரைத் தடுத்தால் மற்றவருக்கு லாபம், தடுக்கப்பட்டவருக்கு நஷ்டம். தீங்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. பேரம் பேசச் செலவு ஆகாது என்றால், சட்டம் யார் பக்கம் இருந்தாலும் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

ரசித்துப் படித்த கட்டுரை அது. ஆனால் ஏசி வெப்பத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறார். மிட்டாய்க்காரருக்கும் டாக்டருக்கும் சுவர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். என் ஏசியின் வெப்பம் போய்ச் சேருவது, மூன்று நொடியில் அந்த இடத்தைக் கடந்துபோகிற, தலையில் கூடை வைத்த ஒருவர் மேல். அவர் யாரோடு உட்கார்ந்து பேரம் பேசுவார்? நூறு வீட்டைக் கடக்கிறார், நூறு வீடும் ஆளுக்கு மூன்று நொடி சூடு கொடுக்கிறது. எந்த வீடும் தனியாகக் குற்றவாளி இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ஏசி இருக்கிறது, குழந்தை தூங்குகிற அறையில். அதைக் கழற்றப் போவதில்லை. குழந்தைக்கு வியர்க்குரு வரக்கூடாது என்பதும் நியாயம், வீதியில் போகிறவருக்குக் கூடுதல் சூடு கூடாது என்பதும் நியாயம். இரண்டும் நியாயம் என்பதால் கணக்கு நேராகிவிடாது.

அதனால் ஷெட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இங்கிருந்து எடுக்கிற வெப்பம் இன்னொரு ஆள் மேல் போய் விழக்கூடாது. இந்த விதி வந்ததும் பட்ஜெட் பிரச்சினை பாதி தீர்ந்தது ஆச்சரியம்தான். வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் வெளியே இறைப்பதற்குத்தான் இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். உள்ளேயே விடாமலிருக்கப் பெயிண்டும் ஓட்டையும் போதும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஆயிரம் வாட் விழுகிறது. எங்கள் ஷெட்டின் கூரை பதினேழு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. பதினேழு கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் ஏசி மூன்றை வரிசையாக மாட்டினால்கூட சரிக்குச் சரியாக வராது. அவ்வளவும் உள்ளே வராது, காற்று பாதியை அள்ளிக்கொண்டு போகும், இருந்தாலும் சண்டை எங்கே நடக்கிறது என்பதை இந்த எண் காட்டிவிடும். கூரையில்தான். சுவரில் இல்லை, ஃபேனில் இல்லை.

துருவேறிய தகரம் விழுகிற வெயிலில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். புதுப் பளபளப்புத் தகரம் நல்லது என்று நினைப்பார்கள். பளபளப்பு வெயிலைத் திருப்பியடிக்கும், வாஸ்தவம். ஆனால் வாங்கிய சூட்டை வெளியே கதிர்வீச்சாக விடுவதில் அது மகாக் கஞ்சன். அதனால் அதுவும் கொதிக்கும். வெள்ளைப் பெயிண்டுக்கு இரண்டு குணமும் உண்டு. வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும், மீதியையும் கையில் வைத்துக்கொள்ளாமல் வானத்துக்கு விட்டுவிடும். வளிமண்டலத்தில் எட்டிலிருந்து பதிமூன்று மைக்ரான் அலைநீளத்துக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதன் வழியாகப் போகிற வெப்பம் நேராக விண்வெளிக்குப் போகும். நம்முடைய ஊரில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் அந்த ஜன்னலுக்குக் கொஞ்சம் திரை போட்ட மாதிரிதான். இருந்தும், வெப்பத்தைக் கொட்ட பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத ஒரே திசை அது.

சுண்ணாம்பு அடித்தால் மலிவு என்று யாரும் சொல்வார்கள். காங்கிரீட் தளத்துக்கு அது சரி. நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை அடித்தால் ஒரு கோடை தாங்கும். தகரத்தில் நிற்காது, நின்றாலும் ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகப் பூச்சை அரிக்கும். கடல் ஒரு கிலோமீட்டரில் இருக்கிற ஊரில் உப்புக் காற்றே போதும், நாம் வேறு உதவி செய்ய வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான வெள்ளை எமல்ஷன் இரண்டு கை. உங்கள் கூரை தகரம் இல்லாமல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தயவுசெய்து தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு விஷம். அந்த வேலையை ஒரு கூலிக்காரரிடம் தள்ளிவிடுவதும் வெப்பத்தை வீதியில் தள்ளுகிற அதே காரியம்தான்.

அடுத்தது ஓட்டை. சூடான காற்று மேலே ஏறும், மேலே வழியில்லையென்றால் அங்கேயே மூட்டை கட்டி உட்காரும். பின்சுவரில் ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தோம். கீழே, கேட்டின் தகட்டில் அடிப்பகுதியை வெட்டி கிரில் வைத்தோம். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும்போது அது கீழே நுழைந்து மேலே போகிறது. பைக்கை ஓட்டிவந்த உடனே உள்ளே விடுவதில்லை, அரை மணி நேரம் வெளியே நின்று எஞ்சின் ஆறிய பிறகுதான். காசு செலவில்லாத இந்த ஒன்றை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

கடைசியாகக் கூரைக்குக் கீழே ஒரு மறைப்பு. கொதிக்கிற தகரம் காற்றைச் சூடாக்குவதோடு நிற்காது, தலைக்கு மேலே தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி நேராக நம் உடம்பின் மேல் கதிர்வீசும். அதற்கு ஃபேன் எதுவும் செய்யாது. நடுவில் எதையாவது குறுக்கே கட்டினால் போதும். தென்னங்கீற்று உத்தமம், ஆனால் எலி, கரையான், தீ. தெர்மாகோல் தீயைப் பொறுத்தவரை அதைவிட மோசம். ஷீட்டிலிருந்து ஒரு அடி விட்டு, மேலே போகிற காற்றுக்கு வழி வைத்து, பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டினேன். அதுவும் நெருப்புக்கு ஆகாதுதான், அதனால் பேட்டரியையும் ஒயரையும் அதற்குக் கீழே இல்லாமல் கேட்டுப் பக்கம் மாற்றினேன். வெள்ளைப் பக்கம் கீழே. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஒரு தலைவர் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தூக்கம் தராது.

ஆக மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம். மீதிப் பணத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற ஏற்பாடு ஒன்று செய்யலாம் என்று நண்பன் சொன்னான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகிற வெப்பம் முக்கால் யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் கீழே. மார்க்கெட் பெண்கள் கோணிச் சாக்கை நனைப்பது இந்தக் கணக்கைத் தெரிந்துதான், எண்ணாகத் தெரியாவிட்டாலும். ஆனால் அறைக்குள் அதைச் செய்தால் ஈரம் ஏறும், வியர்வை ஆறாது. சாக்குக்குக் கீழே இருக்கிற கீரைக்குச் சுகம். பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷருக்குக் கஷ்டம். எல்லோருக்குமான ஷெட் ஒன்று கிடையாது என்றேனே, அது இங்கேதான் முதலில் தட்டியது.

நேரமும் இதே மாதிரி பிரிக்கும். பழைய புதுச்சேரி வீடுகளின் மெட்ராஸ் தளம் ரொம்பக் கனமானது. மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதன்மேல் தட்டோடு. பகல் வெயில் உள்ளே இறங்கவே சாயங்காலம் ஆகிவிடும். காங்கிரீட் தளமும் தாமதிக்கும், ஆனால் வாங்கிய கடனை ராத்திரி பத்து மணிக்கு வட்டியோடு தருவது அதுதான். தகரம் இரண்டுக்கும் நேர்எதிர். பகல் ஒரு மணிக்குக் கொடூரம், சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டைவிட ஷெட் சுகமாக இருக்கும். நான் பெஞ்சில் உட்காருவது ஏழு மணிக்கு. எனக்காக மட்டும் என்றால் இந்த ஷெட்டில் எதையுமே மாற்றியிருக்க வேண்டாம். ஒரு மணிக்கு அங்கே இருப்பவர் ஒருவர்தான்.

எந்தக் கூரை யாரை எந்த நேரத்தில் தண்டிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த கடுமையான உதாரணம் அகமதாபாத். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமான பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. 2013-இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் போட்ட நகரம் அது. அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில், வெயில் நேராக விழும் கூரைக்குக் கீழே இருந்தது. பிறந்த குழந்தைகள் வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வார்டைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். அப்படிப் போகிற குழந்தைகளின் எண்ணிக்கை 64 சதவீதம் குறைந்ததாக மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். புதிய இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டிடத்தில் குளிர்ந்த இடம் முதலிலிருந்தே இருந்தது. அதில் வேறு யாரோ, வேறு எதுவோ இருந்தது.

குளிர்பதனத்தின் வரலாறே இந்த இழுபறிதான். ஃபுளோரிடாவில் ஜான் காரி என்ற டாக்டர் காய்ச்சல்காரர்களின் அறையைக் குளிர வைக்க ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1851-இல் காப்புரிமை வாங்கினார். முதலீடு போட ஆள் கிடைக்கவில்லை, 1855-இல் நொடித்துப்போய் இறந்தார். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்லின் அச்சகம் ஒன்றுக்காக நவீன ஏசியை வடிவமைத்தார். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போனதுதான் பிரச்சினை. நோயாளிக்காகச் செய்தவர் தோற்றார், காகிதத்துக்காகச் செய்தவர் பேர் இன்றும் ஏசிப் பெட்டிகளில் இருக்கிறது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். ஒரு கொடிக்காக வண்டியை விட்டுவிட்டு நடந்து போன ஆள். இன்றைக்கு நம் அபார்ட்மென்ட்களில் வண்டிக்குக் கூரை போட்டுவிட்டு, வாட்ச்மேனுக்கு வெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இவ்வளவு சொன்ன பிறகு தீர்ப்பு சுலபமாகத் தெரிகிறது. பொருளைத் தள்ளி வை, ஆளை முன்னால் வை. அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். பின்சுவர்ப் பக்கம் காற்று நன்றாக வருகிறது, வடக்கு மூலை தரையும் குளிர்ச்சி, நீங்க அங்க படுத்துக்குங்க, கூடையை இந்தப் பக்கம் மாத்திடலாம் என்று. அவர் சிரித்தார்.

"நான் வேர்த்தா துடைச்சிக்குவேன் தம்பி. கீரை வாடுனா என்னா செய்யறது? சாயங்காலம் எதை வெச்சிக்கினு உக்கார்றது?"

கூடைகள் வடக்கு மூலைக்குப் போயின. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் படுத்தார்.

பாதிதான் சம்மதம் என்று மேலே எழுதியதற்கு இதுதான் காரணம். மார்க்கெட்டில் மீனுக்கு ஐஸும் பூவுக்கு ஈரத்துணியும் வைக்கிறவர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அவர்கள் கணக்கில் அந்தக் கீரைக்கட்டு ஒரு பொருள் கிடையாது, சாயங்காலத்து ஐம்பது ரூபாய். அச்சகத்துக் காகிதத்தையும் அக்காவின் கீரையையும் ஒரே தராசில் வைத்து "பொருளா, மனுஷனா" என்று கேட்பது, கேட்கிறவன் வயிறு நிறைந்திருக்கும்போது வருகிற கேள்வி. ஆனால் அவர் விருப்பம் அதுதான், அவருக்கே விட்டுவிடுவோம் என்று கையைக் கழுவிக்கொள்ளவும் எனக்கு மனசில்லை. ஒரு நல்ல மூலை மட்டுமே இருக்கிற ஷெட்டில் அவர் கீரையைத் தேர்ந்தெடுத்தார். அப்படித் தேர்ந்தெடுக்கும்படி ஷெட் ஏன் இருக்கிறது என்பது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை.

இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது எது என்று பார்த்தேன். என் மரப் பெஞ்சு. வடக்குச் சுவரில் ஆறடி நீளத்துக்கு, ஏழு மணிக்கு மட்டும் பயன்படுகிற ஒன்று. அதை கேட்டுப் பக்கம் இழுத்துப் போட்டதும் கூடையும் ஆளும் இரண்டு பேரும் அந்தப் பக்கமே இருக்க இடம் வந்தது. ஸ்கூட்டர் வீட்டு வாசலுக்குப் போனது. மனைவிக்கு அதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை, சீட் கொதிக்கிறது என்கிறார். ஒரு துணி உறை வாங்கியிருக்கிறோம்.

யார் மேலும் விழக்கூடாது என்று நான் வைத்துக்கொண்ட விதி என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயிண்ட் அடித்த நாலாம் நாள் பின்வீட்டு மாமி கூப்பிட்டார். அவர் சமையலறை முதல் மாடியில், ஜன்னல் எங்கள் ஷெட்டின் கூரையைப் பார்த்தபடி. பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் அடுப்பங்கரையில் நிற்க முடியவில்லை, கண் கூசுகிறது, சுவர் பூரா வெளிச்சம் அடிக்கிறது என்றார். நான் வானத்துக்கு அனுப்பியதாகக் கணக்குப் போட்ட பதினேழு கிலோவாட்டில் ஒரு துண்டு அவர் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சட்டப்படி என் கூரை, என் பெயிண்ட். கோஸ் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் சுவர் இருக்கிறது, பேசிக்கொள்ளுங்கள் என்றிருப்பார். பேசினோம். அந்தப் பக்கத்து இரண்டு ஷீட்டை மட்டும் வெளிர்ச் சாம்பலாக மாற்றினால் கூச்சம் குறையும், ஆனால் சரியாக அதற்குக் கீழேதான் வடக்கு மூலை. ஜன்னலுக்குப் பச்சை வலை கட்டித் தருகிறேன் என்றேன். காற்று வராதே என்றார் மாமி. சுரைக்கொடி ஒன்றை அந்த இரண்டு ஷீட் மேல் ஏற்றிவிட்டால் என்ன என்று இப்போது பேச்சு ஓடுகிறது. விதை அக்கா கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். தண்ணீர் யார் ஊற்றுவது, காய் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.